விருந்தாளிகளுக்கு ஒரு சாவு

ஈர விறகு மூட்டினால் அந்த வீட்டில் யாராலும் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியாது. புல் வேய்ந்த வட்ட வீடு. குனிந்து நுழைகிற ஒரே வாசல். ஜன்னல் என்ற பேச்சே இல்லை. விடாத மழையில் ஊறிப்போன சவுக்குக் கட்டை புகைந்து, அந்தப் புகை வெளியே போக வழி தெரியாமல் கூரை வரை ஏறி, மறுபடி இறங்கி, மூக்கில் நுழைந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ள, ஓர்பா சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போனாள். எதிரே அவள் புருஷன் மெல்கியோர் புகைக்குள்ளேயே முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரு இருமல் இல்லை.

இந்த ஆளா! அடுப்பில் கொஞ்சம் புகை வந்தாலே "ஐயோ, கொல்றாளே, கொல்றாளே" என்று கத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடுகிற ஆள்.

"என்ன, வீட்டுலயும் பேசக் கூடாதுன்னு அந்த விடுதிக்கார இபு சொல்லியிருக்காளா?" என்றாள் ஓர்பா. "நாடகம் முடிஞ்சுபோச்சு. எந்திரிச்சுப் போய் உடம்புல இருக்கிற சேத்தைக் கழுவு."

அவன் மெதுவாகத் தலையைத் திருப்பினான். அவளைப் பார்க்கவில்லை. சத்தம் வந்த பக்கத்தைப் பார்த்தான்.

அவளுக்கு இருந்த கோபத்தில் அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாம்பலிலிருந்து ஒரு கிழங்கை உருட்டி எடுத்து, ஊதி, அவன் உள்ளங்கையில் வைத்தாள். சுடச்சுட இருந்த கிழங்கு. கையை உதறவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். கிழங்கு ஆறிப்போகும் வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"திங்கலைன்னா போ. உனக்குத்தான் அங்க காப்பியும் பிஸ்கட்டும் கொடுத்திருப்பாங்களே," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மலைச்சரிவில் அந்தச் சொகுசு விடுதி வந்த நாளிலிருந்தே அவளுக்கு நிம்மதி போயிற்று. பலியெம் பள்ளத்தாக்கு முழுக்கக் கண்ணாடி வழியாகத் தெரிகிற மாதிரி கட்டியிருக்கிறார்கள். தரைக்கு அடியில் சூடு, தொட்டியில் வெந்நீர். ஹெலிகாப்டரில் வந்து இறங்குகிறவர்களுக்கு இந்த ஊர் பழைய காலத்திலேயே நின்றுபோயிருக்க வேண்டும். அவர்கள் வருகிற நாளில் தகரக் கூரைமேல் புல்லைப் பரப்ப வேண்டும். போனை ஒளித்து வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர்க்காரனோடு பந்து விளையாடிவிட்டுத் தோளில் கை போட்டுக்கொண்டு வந்த ஆண்கள், திங்கட்கிழமை அவனையே ஈட்டியோடு துரத்த வேண்டும். ஓர்பாவிடம் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். "உங்க அம்மாவைக் கழற்றச் சொல்லு" என்று அவள் சொன்னதை மெல்கியோர் மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டான்.

அவன் வாயில் வருவது இரண்டே வார்த்தை. சரி, இபு. இபு என்றால் மரியாதைக்கு அம்மா. ஜகார்த்தாவிலிருந்து வந்த விடுதி மேலாளர் வுலானைத்தான் எல்லோரும் அப்படிக் கூப்பிட்டார்கள். பன்றியை வெட்டு. சரி, இபு. மழையில் ஆடு. சரி, இபு. இப்படி ஒரு தலையாட்டியைக் கட்டிக்கொண்டு எந்தப் பெண்தான் நிம்மதியாக இருப்பாள்?

போன வாரம் அந்த இபு வந்து, இந்த முறை விருந்தாளிகள் ஒரு இறுதிச் சடங்கு பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்றாள். ஊரில் யாரும் சாகவில்லையே என்றார்கள். "செத்த மாதிரி யாராவது உக்காந்தாப் போதுமே," என்றாள் அவள், சிரித்துக்கொண்டே. பெரியவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போய்விட்டார்கள். மெல்கியோர் மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

"சண்டையில வாராவாரம் சாகுறேன். நாற்காலியில ஒரு தடவை செத்தா என்ன குறைஞ்சுபோச்சு? சரி, இபு."

அன்று அவர்கள் போட்ட சண்டையில் பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் கூரையேறிவிட்டது. ஓர்பா அழுதாள், திட்டினாள், கிழங்கு தோண்டுகிற குச்சியை எடுத்து அடிக்கக்கூடப் போனாள். அவன் கேட்டால்தானே!

சடங்கு இன்றைக்குச் சாயங்காலம்தான் நடந்தது. முற்றத்தில் மர நாற்காலி கட்டி, அவனை அதில் குந்த வைத்து, பெண்கள் தங்கள் நோக்கன் பைகளை அவன் தலைமேலும் தோள்மேலும் போர்த்தினார்கள். நெற்றியில் பட்டை மாட்டி முதுகில் தொங்கவிட்டு, கிழங்கிலிருந்து கைக்குழந்தை வரை சுமக்கிற வலைப்பை. செத்தவனுக்குக் கொடுக்கிற கடைசி மரியாதையும் அதுதான். சேறு பூசிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். விருந்தாளிகள் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு, மூச்சுக்கூடச் சத்தம் வராமல் பார்த்தார்கள். பிறகு ஒருவர் புல்கட்டைப் பிணத்தின் தலைக்கு மேலே பிடிக்க, அந்தக் கட்டில் அம்பு விட வேண்டும். அம்பு பட்டதும் உடம்புக்கும் உயிருக்கும் இருக்கிற பிடி விட்டுப்போகும். அதை இன்னும் முறையாகச் செய்யத் தெரிந்தவன் ஓர்பாவின் அண்ணன் ஓபெட் ஒருவன்தான். அவன் மாட்டேன் என்றுதான் சொன்னான். நாற்காலியில் இருந்த பிணமே கண்ணைத் திறந்து, "மச்சான், மானத்தை வாங்காத, சும்மா ஒண்ணு விடு" என்று கிசுகிசுத்த பிறகுதான் வில்லை எடுத்தான்.

அம்பு போய்த் தைத்தது. வலைப்பைகளுக்குக் கீழே தெரிந்த மெல்கியோரின் கால்விரல்கள் ஒரு தடவை சுருங்கி, விரிந்தன.

அவனை இறக்கிவிட்டு வாழைத்தண்டை வைத்துச் சிதையை எரித்தார்கள். அவன் விடுதிக்காரர்கள் கொடுத்த காப்பியோடு சமையல் குடிசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். ஆனால் சடங்கு அதோடு முடியாதே. செத்தவன் வீட்டைச் சுற்றியே திரிவான். இருட்டுவதற்குள் அவனை வேலிக்கு வெளியே, ஓடைக்கு அந்தப் பக்கம் நாணல் காட்டுக்கு விரட்ட வேண்டும். அதையும் காட்டச் சொன்னாள் இபு. எல்லோரும் கல்லைப் பொறுக்கிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போ! இந்தப் பக்கம் எட்டிப் பாக்காத!" என்று கத்தினார்கள்.

ஓர்பா சிரிக்கவில்லை. அவளுக்கு அத்தனை நாள் கோபமும் சேர்ந்து வந்தது. "தொலைஞ்சு போ! என் வீட்டுப் பக்கமே வராத! எங்கயாவது போய்த் தொலை!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தி, கையிலிருந்த கல்லை முழு வேகத்தோடு வீசினாள். அது நாணலுக்குள் போய் விழுந்தது. தண்ணீரில் விழுந்த சத்தமும் இல்லை, சேற்றில் விழுந்த சத்தமும் இல்லை. வேறு ஒரு சத்தம்.

மறுநாள் விடிந்து பார்த்தபோது அவன் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான். கிழங்கு இன்னும் கையில் இருந்தது.

"ஏய்... உடம்புக்கு என்ன?"

கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். கூட வந்தான், இழுத்த இழுப்புக்கு. அவனைப் பார்த்தால் உறுமிக்கொண்டு ஓடிவந்து காலை முட்டுகிற பெரிய பன்றி, கொட்டிலின் மூலைக்குப் போய்ப் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. மழைத்தூறல் அவன் முகத்தில் விழுந்து, திறந்த கண்ணுக்குள்ளேயே விழுந்து வழிந்தது. அவன் இமைக்கவில்லை.

ஓர்பா அப்போதுதான் அவனை அருகில் போய்ப் பார்த்தாள். விலா எலும்பு சேருகிற இடத்துக்குக் கீழே, நெஞ்சுக்குழியில், உயிர் துடிக்கும். கைக்குழந்தைக்கும் துடிக்கும், சாகப் போகிற கிழவனுக்கும் மெல்லத் துடிக்கும். உள்ளங்கையை அங்கே வைத்தாள். தோல் சூடாக இருந்தது. அழுத்திப் பார்த்தாள். தோலுக்கு அடியில் ஒன்றுமே இல்லை.

மத்தியானம் இபு வுலான் குடை பிடித்துக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஓர்பா, நேத்து எல்லாரும் அழுதுட்டாங்க தெரியுமா? இன்னைக்கு வந்திருக்கிறவங்களும் அதையே கேக்குறாங்க. சாயங்காலம் இன்னொரு தடவை வச்சிடலாம்."

"முடியாது, இபு. அவனுக்கு உடம்பு சரியில்ல."

"நல்லாத்தானே உக்காந்திருக்காரு! மெல்கியோர், செய்யலாம்தானே?"

மெல்கியோரின் தலை மேலும் கீழும் அசைந்தது. ஓர்பாவுக்கு அவனை அங்கேயே அறையலாம் போலிருந்தது. உள்ளே ஆளே இல்லை, தலை மட்டும் ஆடுகிறது!

"நேத்து கடைசியில என்ன நடிப்பு!" என்று இபு போனை நீட்டினாள். "ஓடைக்கு அந்தப் பக்கம் போய் நிக்கணும்னு யாரு சொன்னது? அவருக்கே தோணுச்சா?"

படத்தில் சாயங்கால மூடுபனி. கல்லெறிகிற கைகளின் முதுகுப்பக்கம். அதற்கு அப்பால் நாணல். நாணலுக்குள் இடுப்பளவு மெல்கியோர் நின்றுகொண்டிருந்தான். கைகள் தொங்கிக்கொண்டிருந்தன. புருவத்துக்கு மேலே கல் பட்டு ரத்தம் வழிந்திருந்தது. எதற்காகத் திட்டு வாங்குகிறோம் என்று புரியாமல் பெண்டாட்டியைப் பார்க்கிற முகம்.

ஓர்பா திரும்பி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். நெற்றியில் ஒரு கீறல்கூட இல்லை. அந்த நேரத்தில் அவன் சமையல் குடிசைக்குப் பின்னால் காப்பிக் குவளையோடு இருந்ததை அவளே கண்ணால் பார்த்தவள்.

எப்படி அண்ணன் வீட்டுக்கு ஓடினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஓபெட் கிராம்புச் சிகரெட்டைப் பற்ற வைக்க முயன்றுகொண்டிருந்தான். தீக்குச்சி நமுத்துப்போயிருந்தது.

"என்னண்ணே செஞ்சு வச்ச?"

"அம்பு விட்டேன். நீயும்தானே பார்த்த."

"வெறும் அம்பா?"

அவன் அடுத்த குச்சியை உரசினான். அதுவும் பற்றவில்லை. எரிச்சலோடு பெட்டியை எறிந்தான்.

"கை வில்லைத் தூக்குனதும் வாய் தானா அந்த வார்த்தையைச் சொல்லிடுச்சு. அப்பா எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாரு. பொய்யாச் செய்யுறது எப்படின்னு அவரு சொல்லித் தரலையேடி! உயிரோட இருக்கிறவனை உக்கார வைப்பானுங்கன்னு அந்த மனுஷன் கண்டாரா?"

"இன்னைக்கு மறுபடியும் வைக்கச் சொல்றா."

ஓபெட் முகம் வெளுத்துப்போயிற்று. "இன்னொரு அம்பு பட்டா அப்புறம் கூப்பிடுறதுக்கு ஆளே இருக்காது."

"நீ விடாத. அவ்வளவுதானே!"

"நான் விடலைன்னா வேற எவனாவது விடுவான். அந்த வார்த்தை நேத்து எல்லாரு காதுலயும் விழுந்தாச்சு. நான் அது தேடுற மாதிரி, இது தேடுற மாதிரி இழுத்தடிக்கிறேன். நீ போய்க் கூட்டிட்டு வா. விரட்டுனவ நீ. நீ கூப்பிட்டாத்தான் வருவான்."

"எப்படிண்ணே கூப்பிடுறது?"

"எனக்கென்ன தெரியும்? இந்த ஊர்ல விரட்டுனவங்களைத்தான் பார்த்திருக்கேன். திருப்பிக் கூப்பிட்டவங்க ஒருத்தரும் இல்ல." கொஞ்சம் யோசித்தான். "பேரை மட்டும் சொல்லிடாத. அங்க பேரைக் கேட்டா மத்ததுங்க அவனைப் பிடிச்சு வச்சுக்கும்."

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது ஓர்பா காலி நோக்கனை நெற்றியில் மாட்டிக்கொண்டு வேலி தாண்டினாள். பின்னால் முற்றத்தில் ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டிருந்தார்கள். எல்லோரும் நேற்றைவிட நன்றாக அழுதார்கள். அதைக் கேட்கக் கேட்க அவளுக்கு ரத்தம் கொதித்தது. அங்கே நாற்காலியில் அவனைக் கொண்டுபோய்க் குந்த வைத்திருப்பார்கள், அவனும் குந்தியிருப்பான், சரி, இபு, சரி, இபு.

ஓடை முழங்கால் வரைக்கும் வந்தது. தண்ணீர் பல்லைக் கிட்ட வைத்தது. அந்தப் பக்கம் நாணல் அவள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, மூடுபனியில் ஊறி, அழுகின இலையும் பழைய சாம்பலும் கலந்த வாசனையோடு நின்றது. அவளுக்குத் தெரிந்து யாரும் இங்கே கிழங்கு நட்டதில்லை, பன்றி மேய்த்ததில்லை. நாலு எட்டு உள்ளே போனதும் பின்னால் ஓடைகூடத் தெரியவில்லை. காற்று இல்லை. ஆனால் எங்கேயோ நாணல் ஒதுங்குகிற சத்தம் கேட்டது, ஆள் ஒருவன் நின்றபடியே கால் மாற்றி நிற்கிற மாதிரி.

பேரைச் சொல்லக் கூடாது. வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது? அவளுக்கு ஒன்றுதான் தெரியும். தினமும் சாயங்காலம் தோட்டத்து வரப்பில் நின்று கூப்பிடுகிற கூப்பாடு. கையை வாயருகே குவித்துக்கொண்டாள்.

"வீட்டுக்கு வா! கிழங்கு வெந்துடுச்சு! இருட்டப் போகுது, வா!"

ஒப்பாரி தூரத்தில் நின்றுபோன மாதிரி இருந்தது.

"கோபத்துல சொல்லிட்டேன். எதையும் மனசுல வச்சுக்காத. குளிருதுல்ல? வா. ஏறிக்கோ. நான் சுமந்துட்டுப் போறேன்."

முதுகுக்குப் பின்னால் கையை விட்டு நோக்கனின் வாயை விரித்துப் பிடித்தாள்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு பட்டை நெற்றியில் லேசாக இறுகியது. கைக்குழந்தை கனம். ஓர்பாவுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. "வந்துட்டியா? வந்துட்டியா, பாவி மனுஷா," என்றாள். திரும்பி ஓடையில் இறங்கினாள்.

தண்ணீரில் நடக்கும்போது கனம் ஏறியது. பன்றிக்குட்டி அளவு. ஆம்பளை உயிர்தானே, கனக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டாள். கரையேறும்போது அறுவடைக் கிழங்கு முழுவதையும் ஏற்றின மாதிரி கழுத்து முன்னால் வளைந்தது. பட்டை தோலை அறுத்தது. முதுகில் ஈரம். சில்லென்று. வலைக்கண்ணுக்குள்ளிருந்து மூச்சு, பின்கழுத்தில், இடது பக்கம். அப்புறம் வலது பக்கமும்.

நிற்கவில்லை. நின்றால் எழுந்திருக்க முடியாது. நாணல் ஒதுங்குகிற சத்தம் ஓடைக்கு இந்தப் பக்கமும் கேட்டது. பன்றிக் கூட்டம் வீடு திரும்புகிற மாதிரி, அவசரமில்லாமல், நிறைய.

வேலி. வேலிக்கு அப்பால் தீவட்டி வெளிச்சம். மழைக்கோட்டுகள். நாற்காலியில் மெல்கியோர், தலைமேல் வலைப்பைகள். ஓபெட் வில்லை வளைத்தபடி நின்றிருந்தான். இழுத்தடிக்க இனி ஒன்றும் பாக்கியில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

"விடாத! கூட்டிட்டு வந்துட்டேன்!"

நாலு காலில் தவழ்வதுபோல் வேலியைக் கடந்து அவள் முற்றத்துக்குள் விழுந்தாள். முதுகிலிருந்து ஒன்று குதித்து இறங்கியது. அது தெளிவாகத் தெரிந்தது. நாற்காலியில் மெல்கியோரின் உடம்பு உதறியது. மூச்சை இழுத்தான், தண்ணீரில் மூழ்கி எழுந்தவன் இழுக்கிற மாதிரி. வலைப்பைகளை விலக்கினான். புருவத்துக்கு மேலே ரத்தம் கட்டியிருந்தது.

"ஓர்பா," என்றான். "ஏன்டி கல்லால அடிச்ச?"

அவனேதான். அவன் குரல்தான். ஓர்பா சிரித்தாள், அழுதாள், எழுந்து அவனிடம் போகப் பார்த்தாள்.

எழ முடியவில்லை.

கனம் குறையவில்லை. ஒருவன் இறங்கிய பிறகும் குறையவில்லை.

விருந்தாளிகளில் யாரோ கை தட்டினார்கள். ஒரே ஒரு ஆள். அதுவும் பாதியில் நின்றது. மெல்கியோர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தவன், அவள் தோளுக்கு மேலே பார்த்தான். அப்புறம் வேலியைப் பார்த்தான். நாற்காலியிலேயே பின்னுக்கு ஒடுங்கினான்.

ஓபெட் கையிலிருந்து வில் விழுந்தது. அவன் தங்கையைப் பார்க்கவில்லை. அவள் முதுகைப் பார்த்தான். சின்னப் பையன் மாதிரி உதடு பிதுங்கியது.

"அம்மா?" என்றான்.

பக்கத்தில் ஒரு கிழவர் வேறு யாரையோ கூப்பிட்டார். ஒரு பெண் செத்துப்போன தன் குழந்தையின் பேரைச் சொன்னாள். அப்புறம் எல்லோரும். அழவில்லை. கூப்பிட்டுக்கொண்டே ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனார்கள். ஒரு காலத்தில் இவர்களே கல்லால் அடித்து விரட்டிய செத்தவர்கள், பேர் சொல்லாத அந்தக் கூப்பாட்டைக் கேட்டு வந்திருந்தார்கள்.

வேலிப் பலகைகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன. யாரோ ஏறி இறங்குகிறார்கள். இன்னும் ஏறி இறங்குகிறார்கள்.

ஓர்பா பட்டையைக் கழற்றிவிட நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனாள். பட்டையின் மேல் ஏற்கெனவே கைகள் இருந்தன.